பதம் பிரியா மருந்துகள்

காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் குளிசை உண்டு. விழுங்கி நீர் அருந்தினால் நோய் தணிகின்றது. நீரிழிவு நோயாளருக்கு மட்டும் இன்சுலினை ஊசிவழியே ஏற்றவேண்டியிருப்பது ஏன்? அதனையும் குளிசையாக்கித் தந்தால் ஆகாதோ? இவ்வினாவை நம் வகுப்பு மாணவரும் வினவுவர். வீட்டிலுள்ள முதியோரும் வினவுவர். இதற்கு விடை ஒரு வாக்கியத்தில் அடங்கும்: இன்சுலின் உணவைப் போன்ற பொருளாதலால் வயிறு அதனைச் செரித்துவிடும். அவ்வாறு செரியாத வண்ணம் இத்தகைய மருந்துகளை ஆக்குவது எங்ஙனம் என்னும் அடுத்த வினாவுக்கோ, அறிஞர் பல்லாண்டு முயன்றே விடை கண்டனர். அவ்விடையினையே இக்கட்டுரையிற் கூறப் புகுகின்றோம்.

தமிழாசிரியராகிய நமக்கு இரசாயனத்தில் என்ன வேலை என எண்ணுவார் இருக்கலாம். இப்பொருளைக் கற்குந்தோறும், இலக்கண வகுப்பில் நாம் கரும்பலகையில் எழுதிக்காட்டும் புணர்ச்சி, பதம் பிரித்தல், போலி என்பனவே வேற்றுருவில் நம்முன் வந்து நிற்கக் கண்டோம். ஆதலின், விஞ்ஞானங் கற்ற பழைய மாணவர் பொறுத்தருள்க. அத்துறை கல்லாதார்க்கும் விளங்கும்படி, நாம் அறிந்த இலக்கணத்தைத் துணையாகக்கொண்டு சொல்ல முயல்கின்றோம்.

நம் உடலிலுள்ள புரதங்கள் யாவும் அமினோவமிலங்கள் என்னும் சிறு மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு ஆனவை. அவற்றுட் பொதுவாக வழங்குவன இருபது. அவ்விருபதையும் ஒரு நெடுங்கணக்கின் எழுத்துக்களாகக் கொள்வோமாயின், புரதம் என்பது நூற்றுக்கணக்கான எழுத்தாலான நெடுந்தொடர். பெப்தைட்டு என்பது ஏறத்தாழ ஐம்பது எழுத்துக்கு உட்பட்ட சொல். இன்சுலின் 51 எழுத்துடையது. ஒரு சரத்தில் 21 எழுத்தும் மற்றொரு சரத்தில் 30 எழுத்துமாக அமைந்து, சொல்லுக்கும் தொடருக்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்பது. அவ்வெழுத்துக்களின் வரிசையை முழுதும் கண்டறிந்த ஆங்கில அறிஞர் பிரெடெரிக் சாங்கர் 1958 ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார்.

இரண்டு அமினோவமிலங்கள் சேரும்போது, அவற்றினின்று இரண்டு ஐதரசன் அணுக்களும் ஓர் ஒட்சிசன் அணுவும் நீங்கி, ஒரு நீர் மூலக்கூறாகி வெளியேறுகின்றன. எஞ்சியவை இறுகப் பிணைகின்றன. மரம் என்பதும் வேர் என்பதும் புணர்ந்து மரவேர் ஆகும்போது இடையிலுள்ள மகரமெய் கெடுவதை நினைவுகூர்க. பெப்தைட்டுப் பிணைப்பும் அத்தகைய கெடுதற் புணர்ச்சியே. கெட்ட நீரை மீளவும் கொடுத்தால் பிணைப்பு விடும். சொல் எழுத்தெழுத்தாகப் பிரியும். ஆயினும் அது தானே விரைந்து நிகழ்வதன்று. வெறும் நீரில் இட்டுவைத்தால் அப்பிணைப்பு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் நிலைக்க வல்லது. அதனை நொடிப்பொழுதிற் பிரித்துவிடுபவை நொதியங்கள்.

இந்நொதியங்கள் கண்ட இடமெல்லாம் வெட்டுவனவல்ல என்பது ஈண்டுக் கருதத்தக்கது. சதையி சுரக்கும் திரிப்சின் என்னும் நொதியம், இலைசீன், ஆர்ஜினீன் என்னும் இரண்டு எழுத்துக்களைத் தேடி, அவற்றின் பின்னே வெட்டும். கைமோதிரிப்சின் என்பது பீனைலலனீன் போன்ற பருத்த எழுத்துக்களின் பின்னே வெட்டும். இரைப்பையிலுள்ள பெப்சின் அமிலத்தின் நடுவே நின்று தொழில்புரியும். வேறு சில, சொல்லின் முதலிலிருந்தோ ஈற்றிலிருந்தோ ஓரிரண்டு எழுத்தாகக் கொய்துகொண்டு வரும். பதம் பிரிக்கும் மாணவன் எவ்வெழுத்தைக் கண்டால் எங்கே பிரிப்பது என்று அறிந்திருப்பதுபோல, ஒவ்வொரு நொதியமும் தனக்குரிய எழுத்தை அறிந்திருக்கின்றது. மருந்தாக்குவோர் நுழைவதற்கு வாயிலாக அமைந்ததும் இவ்வறிவே.

உடல் இவ்வாறு வெட்டுவது குறையன்று. நாம் உண்ட பருப்பும் மீனும் முட்டையும் அவ்வாறு பிரிந்தாலன்றி நமக்கு உடலாக மாறா. குருதியில் ஓடும் ஓமோன்களும் அவ்வாறே பிரிக்கப்பட்டு அழியவேண்டும். ஓமோன் என்பது ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்கு விடுக்கும் செய்தி. செய்தி சென்று சேர்ந்தபின் கரும்பலகையைத் துடைத்தல் வேண்டும். துடையாவிடின் அடுத்த செய்தியை எங்கே எழுதுவது? துன்பம் யாதெனின், மருந்தாக நாம் உட்செலுத்தும் பெப்தைட்டையும் உடல் அவ்வாறே துடைத்துவிடுகின்றது என்பதே.

1922 ஆம் ஆண்டு சனவரி மாதம், கனடா நாட்டு ரொறன்ரோ நகரில், லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி ஏற்றப்பட்டது. முதல் ஊசி போதிய பயன் தரவில்லை. மேலும் தூய்மையாக்கிய மருந்தை அதே மாதத்தில் மீண்டும் ஏற்றியபோது குருதியில் வெல்லத்தின் அளவு குறைந்தது. அந்நாளில் அந்நோய் கண்ட சிறுவர் நெடுநாள் வாழ்வதில்லை. தொம்சன் பின்னும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். அம்மருந்தை வாய்வழி கொடுத்திருப்பின், பெப்சினும் திரிப்சினும் அதற்கும் முட்டைக்கும் வேற்றுமை கண்டிரா. ஊசி என்பது வயிற்றைச் சுற்றிச் செல்லும் புறவழி. அக்காலத்தில் அதனினும் நல்வழி இல்லை.

வயிற்றைத் தவிர்த்துவிட்டால் இடர் தீர்ந்ததோ எனின், தீரவில்லை. குருதியிலும் வெட்டுவோர் உளர். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, குளூக்ககன் ஒத்த பெப்தைட்டு-1 என்பது, சுருக்கமாக ஜீ.எல்.பி.-1 என்பர். 1980 களில் ஆராய்ந்தறியப்பட்ட இந்த ஓமோனைச் சிறுகுடல் உணவுண்டபின் சுரக்கின்றது. குருதியில் வெல்லம் மிகுந்திருக்கும்போது மட்டும் இன்சுலினைச் சுரக்குமாறு சதையியைத் தூண்டுவதும், இரைப்பை விரைவில் வெறுமையாகாதவாறு தாமதிப்பிப்பதும், போதும் என்னும் உணர்வை மூளைக்குத் தருவதும் இதன் தொழில்கள். நீரிழிவுக்கு இதனினும் பொருத்தமான மருந்து வேறில்லை என்று அறிஞர் மகிழ்ந்தனர்.

ஆனால் ஏற்றிய ஜீ.எல்.பி.-1 இற் பாதி ஏறத்தாழ இரண்டே நிமிடத்தில் மறைந்தது. மேலும் இரண்டு நிமிடத்தில் எஞ்சியதிற் பாதி மறையும். இக்கணக்கின்படி, பத்து நிமிடம் கழிந்தபின் முப்பத்திரண்டில் ஒரு பங்கே மிஞ்சும். இதற்குக் காரணம் டி.பி.பி.-4 என்னும் நொதியம். அது சொல்லின் இரண்டாம் எழுத்தை நோக்கும். அங்கே அலனீன் இருக்கக் கண்டால், முதலிரண்டு எழுத்தையும் வெட்டி எறியும். மருத்துவம் என்னும் சொல்லின் முதலிரண்டு எழுத்தை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது யாது? எழுத்துக்கள் பல நின்றும் பொருள் இல்லை. முப்பது எழுத்துடைய ஜீ.எல்.பி.-1 உம் இரண்டு எழுத்தை இழந்தவுடன், இன்சுலினைச் சுரப்பிக்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றது.

இதற்கு இரண்டு வழிகள் உள. ஒன்று, வெட்டும் நொதியத்தின் கையைப் பிடித்துக்கொள்ளல். 2006 ஆம் ஆண்டு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற சீற்றாகிளிப்தின் அவ்வகைக் குளிசை. உடல் தானே சுரக்கும் ஓமோனைச் சிறிது நேரம் காப்பது அதன் செயல். மற்றொன்று, நொதியத்தை விட்டுச் சொல்லையே திருத்துதல். இவ்விரண்டாம் வழியே நாம் ஈண்டு விரித்துரைக்க எடுத்துக்கொண்டது.

சொல்லைத் திருத்தும்போது கவனிக்கவேண்டிய இருவர் உளர். ஒருவர் வெட்டும் நொதியம். மற்றவர் செய்தியைப் பெறும் உயிரணுவின் மேலுள்ள வாங்கி. இருவரும் அதே சொல்லையே வாசிக்கின்றனர். எழுத்தை மாற்றாவிடின் நொதியம் வெட்டும். கண்டபடி மாற்றின் வாங்கிக்குப் பொருள் விளங்காது. வெட்டுவோன் அறியாமலும் வாசிப்போன் அறியுமாறும் ஓரெழுத்தை மாற்றுவது எங்ஙனம்? நன்னூல் கற்றார் இதற்கு விடையறிவர். அரசு என்பது அரைசு என வந்தாலும், பந்தல் என்பது பந்தர் என வந்தாலும் பொருள் மாறுவதில்லை. ஓரெழுத்து நின்ற இடத்தில் வேறோர் எழுத்து நின்று பொருள் வேறுபடாதிருப்பதே போலி. பெப்தைட்டு மருந்தாக்கும் கலையின் பெரும்பகுதி, தக்க இடத்தில் தக்க போலியைக் கண்டுபிடித்தலே என்று நாம் துணிந்து கூறுவோம்.

முதற் போலியை இயற்கையே தந்தது. வட அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில் கீலா என்னும் நச்சுப் பல்லி வாழ்கின்றது. அதன் வாய்நஞ்சை ஆராய்ந்த நியூயோர்க் மருத்துவர் ஜோன் எங், அதனுள் 39 எழுத்துடைய ஒரு பெப்தைட்டைக் கண்டு 1992 ஆம் ஆண்டு வெளியிட்டார். எக்செந்தின்-4 எனப் பெயர்பெற்ற அது, எழுத்துக்களில் ஏறத்தாழப் பாதியளவே ஜீ.எல்.பி.-1 ஐ ஒத்திருந்தும், அதன் வாங்கியை நன்கு இயக்கியது. அதன் இரண்டாம் எழுத்து அலனீன் அன்று, கிளைசீன். ஆகவே டி.பி.பி.-4 அதனை எளிதில் வெட்டவில்லை. அதனைச் செயற்கையாக ஆக்கிய எக்செனற்றைட்டு என்னும் மருந்து 2005 ஆம் ஆண்டு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. எனினும் நாளொன்றுக்கு இருமுறை ஊசி வேண்டியிருந்தது. வெட்டுவோனிடம் தப்பியதைச் சிறுநீரகம் வடித்து வெளியேற்றியமையே காரணம்.

ஆகவே இரு காவல் வேண்டும்: ஒன்று வெட்டுக்கு, மற்றொன்று வடிப்புக்கு. தென்மார்க்கு நாட்டின் நோவோ நோடிஸ்க் நிறுவனத்தார் இரண்டாவதை முதலில் எடுத்துக்கொண்டனர். ஜீ.எல்.பி.-1 இல் 16 காபன் அணுக்கொண்ட கொழுப்பமிலம் ஒன்றை வாலாகக் கோத்தனர். அவ்வால் குருதியிலுள்ள அல்புமின் என்னும் பெரும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். அல்புமின் பருமனால் சிறுநீரகத்தின் வடியினூடு செல்லாது. அதனைப் பற்றிய மருந்தும் செல்லாது. நொதியமும் மருந்தை எளிதில் நெருங்காது. இலிராகுளூற்றைட்டு எனப்படும் இம்மருந்து 2009 இல் ஐரோப்பாவிலும் 2010 இல் அமெரிக்காவிலும் அங்கீகாரம் பெற்றது. அதன் அரைவாழ்வு, அதாவது பாதி மறையும் காலம், ஏறத்தாழ 13 மணித்தியாலம். நாளுக்கு ஓர் ஊசி போதியதாயிற்று.

அடுத்து வந்த செமாகுளூற்றைட்டில் இரு காவலும் ஒருங்கே அமைந்தன. அலனீனின் நடுக்காபனில் ஓர் ஐதரசன் அணுவும் ஒரு மெதைற் கூட்டமும் உள. அவ்வைதரசனை நீக்கி அங்கும் ஒரு மெதைற் கூட்டத்தை வைத்தால், உடலின் இருபது எழுத்துக்களுட் சேராத ஒரு புத்தெழுத்துக் கிடைக்கின்றது. இரண்டாம் இடத்தில் இதனை வைத்தனர். வாங்கி அதனை அலனீனாகவே கொள்கின்றது, டி.பி.பி.-4 இன் ஒடுங்கிய பிடிக்குள்ளோ அது அடங்குவதில்லை. இருபதாம் இடத்திலுள்ள இலைசீனில் 18 காபன் கொண்ட வால் கோக்கப்பட்டது. இருபத்தெட்டாம் இடத்திலும் ஓர் இலைசீன் இருந்தமையால், வால் தவறி அங்கே பொருந்தாதிருக்கும்பொருட்டு, அதனை ஆர்ஜினீனாக மாற்றினர். இலிராகுளூற்றைட்டிலும் இவ்வுபாயம் கையாளப்பட்டிருந்தது. இவற்றின் பயனாக அரைவாழ்வு ஏறத்தாழ ஒரு வாரமாயிற்று. 2017 ஆம் ஆண்டு இம்மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இரண்டு நிமிடம் நின்ற சொல் ஒரு வாரம் நிற்கும் சொல்லானது. வாரத்துக்கு ஓர் ஊசி போதும்.

போலி இவ்வொரு வகையினது மட்டுமன்று. நம் வலக்கையும் இடக்கையும் ஒத்தனவாயினும் ஒன்றன் உறை மற்றதற்குப் பொருந்தாது. கிளைசீன் ஒழிந்த அமினோவமிலங்களுக்கும் அவ்வாறு இடவுருவும் வலவுருவும் உள. நம் புரதங்கள் இடவுருவால் ஆனவை. நொதியங்களும் அதற்கே பழகியவை. வலவுருவை இட்டால் அவ்விடத்தில் நொதியத்தின் பிடி பொருந்தாது. சிறுநீரின் அளவைக் குறைக்கும் வாசோபிரசின் என்னும் ஒன்பதெழுத்து ஓமோனில், எட்டாம் எழுத்தான ஆர்ஜினீனை வலவுருவாக்கி, முதலெழுத்தின் அமினோக் கூட்டத்தையும் நீக்கி, 1967 இல் பிராக் நகரத்து அறிஞர் தெசுமோபிரசின் என்னும் மருந்தை ஆக்கினர். நிமிடக் கணக்கில் மறைந்தது மணிக்கணக்கில் நிலைத்தது. அளவிறந்து சிறுநீர் போகும் ஒருவகை நோய்க்கும், சிறுவர் உறக்கத்தில் சிறுநீர் கழித்தலுக்கும் அது இன்றும் பயன்படுகின்றது.

வேறோர் உபாயம் சொல்லைச் சுருக்குதல். வளர்ச்சி ஓமோனை அடக்கும் ஓமோன் ஒன்று 1973 இல் அறியப்பட்டது. அது 14 எழுத்துடையது. ஓரிரு நிமிடமே நிற்பது. வாங்கி உண்மையில் வாசிப்பது அதன் நடுவிலுள்ள நான்கு எழுத்துக்களையே எனக் கண்டு, எட்டெழுத்தாகச் சுருக்கி, அவற்றுள் இரண்டை வலவுருவாக்கினர். ஒக்திரியோற்றைட்டு என்னும் அம்மருந்து ஏறத்தாழ ஒன்றரை மணித்தியால அரைவாழ்வுடையது. இன்னோர் உபாயம் முதலையும் ஈற்றையும் இணைத்து வளையமாக்குதல். முனையிலிருந்து கொய்யும் நொதியத்துக்கு வளையத்தில் முனை ஏது? பங்கசு ஒன்றினின்று பெறப்படும் சைக்கிளோசுப்போரின் 11 எழுத்தாலான அத்தகைய வளையம். அதன் பிணைப்புக்களுள் ஏழில் நைதரசன்மேல் மெதைற் கூட்டம் காவல் நிற்கின்றது. ஆதலால் அதனை வாயால் விழுங்கலாம். 1983 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற அம்மருந்து, மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தையும் ஈரலையும் உடல் தள்ளிவிடாது காக்கின்றது.

நிற்க. செமாகுளூற்றைட்டைக் குளிசையாக்கும் முயற்சி 2019 ஆம் ஆண்டு கைகூடியது. இதற்குச் சொல்லைத் திருத்தியது மட்டும் போதவில்லை. சல்கப்பிரோசேற்று என்னும் துணைப்பொருள் ஒன்று குளிசையில் உடன் சேர்க்கப்பட்டது. குளிசை இரைப்பைச் சுவரில் அமர்ந்து கரையும்போது, அப்பொருள் அவ்விடத்து அமிலத்தைத் தணித்துப் பெப்சினை அடக்குவதோடு, மருந்து சுவரினூடு புகவும் உதவுகின்றது. அங்ஙனமிருந்தும் விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்களவே குருதியைச் சேர்கின்றது. ஊசியில் வாரத்துக்கு 1 மில்லிகிராம் ஏற்றுமிடத்து, முதலில் வந்த குளிசைகளுட் பெரியது நாளொன்றுக்கு 14 மில்லிகிராம். வாரத்துக்கு 98 மில்லிகிராம் ஆகின்றது.

இதனை அறிந்தோர்க்கு மருத்துவர் விதிக்கும் கட்டுப்பாட்டின் காரணமும் விளங்கும். அக்குளிசையை விடியலில் வெறுவயிற்றில், 120 மில்லிலீற்றருக்கு மேற்படாத வெறுந்தண்ணீரோடு விழுங்கி, அரைமணித்தியாலம் உணவும் தேநீரும் பிற குளிசைகளும் கொள்ளாதிருத்தல் வேண்டும். காலைத் தேநீரோடு சேர்த்து விழுங்குவோர், முன்னமே நூற்றில் ஒன்றான பங்கை மேலுங் குறைத்துக்கொள்வர். பின்னர் மருந்து பயன்தரவில்லை என்று நோவர்.

அழியாத மருந்தே நன்மருந்து என்று கொள்ளுதலும் ஆகாது. வாரக்கணக்கில் நிற்கும் மருந்து குமட்டலோ வாந்தியோ விளைத்தால், அதனை அன்றே திருப்பி அழைக்க இயலாது. முற்றும் நீங்க ஐந்து வாரமளவில் ஆகும். கருத்தரிக்க எண்ணும் பெண்கள் செமாகுளூற்றைட்டை இரண்டு மாதம் முன்னரே நிறுத்தவேண்டும் என விதித்திருப்பதும் இதனாலேயே. மாற்றிய எழுத்தை அயலாகக் கண்டு உடலின் காவற்படை எதிர்த்தெழுதலும் உண்டு. வேண்டுங்காலம் நின்று, வேண்டாக்காலை நீங்குவதே மருந்துக்கு அழகு.

இலக்கணப் போலியைப் புகழ்ந்த நாம் சந்தைப் போலியையும் சொல்லாது விடல் தகாது. செமாகுளூற்றைட்டின் பெயரால் பொய்மருந்து பிரேசில், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் 2023 இல் கண்டுபிடிக்கப்பட்டதைக் குறித்து, உலக சுகாதார நிறுவனம் 2024 யூன் மாதம் எச்சரிக்கை விடுத்தது. உடல் மெலிவதற்கென அறியாதாரிடம் இத்தகைய மருந்தை வாங்குவோர் இதனை எண்ணுக. மெய்ம்மருந்தாயினும், பயன்படுத்தத் தொடங்குமுன் அவ்வூசிமருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைத்தல் வேண்டும். நொதியத்துக்குத் தப்பிய சொல் நம் நாட்டு வெயிலுக்குத் தப்பும் என்பதில்லை. மருத்துவரின் சீட்டும் நம்பத்தக்க மருந்தகமுமே துணை.

இனி, தொடங்கிய வினாவுக்கு வருவோம். இன்சுலினுக்கும் இக்கலை வந்தெய்தியுள்ளது. மூன்றெழுத்தை மாற்றி, ஈற்றில் ஓரெழுத்தைக் குறைத்து, 20 காபன் வால் கோத்து ஆக்கிய இன்சுலின் ஐக்கொடெக்கு, வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்தாக 2024 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அங்கீகாரம் பெற்றது. லெனாட் தொம்சன் நாள்தோறும் பொறுத்த ஊசியை ஏழில் ஒன்றாகக் குறைக்க நூற்றிரண்டு ஆண்டுகள் ஆயின. இன்சுலினை விழுங்கும் குளிசையாக்கும் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. திரிப்சின் எந்தெந்த எழுத்தின் பின்னே வெட்டும் என்று இவ்வாண்டு தேர்வுக்காக மனனஞ் செய்யும் மாணவர், அதனைத் தேர்வோடு மறந்துவிடற்க. அவ்விரண்டு எழுத்தைப் பற்றிய அறிவிலிருந்தே அப்பணியைத் தொடரவேண்டும்.